கதவில் நின்ற மச்சான்

முதலில் சொல்ல வேண்டிய பெயர் சொரிமுத்து. ஆவுடையப்பன் மழையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முட்டி வலியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது சுற்றி வளைத்துக் கடைசியில் சொரிமுத்துவிடம்தான் போய் நிற்கும் என்பதால், நாமும் அங்கிருந்தே ஆரம்பித்துவிடுவது நல்லது. சொரிமுத்து அவருக்கு அந்நியன் இல்லை. மனைவி உலகம்மாளின் கூடப்பிறந்த அண்ணன், அவருக்கு மச்சான். சீவலாங்குளம் பஸ் ஸ்டாண்டில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான். மதுரைக்குப் போய் ஜாதகம் கணிக்கும் புரோகிராமை ஒரு பென் டிரைவில் வாங்கி வந்தவனும், அதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, ஆவுடையப்பனின் விரலைப் பிடித்து இங்கே அமுக்கும், அங்கே அமுக்கும் என்று பழக்கியவனும் அவன்தான். இதில் எதையும் ஆவுடையப்பன் இல்லையென்று சொன்னதில்லை. அவர் மறக்காமல் வைத்திருந்தது, கடை திறந்த அன்று நடந்ததை.

அன்று வாழைமரம் கட்டி, சந்தனம் கொடுத்து, பஸ் ஸ்டாண்டே கூடி நிற்க, முதல் ஜாதகம் கடைக்காரருக்கே போடுவது என்று முடிவாகி, ஆவுடையப்பன் பிறந்த நேரத்தைச் சொரிமுத்து தட்ட, பிரிண்டர் கறகறவென்று கட்டம் போட்ட தாளைத் துப்பியது. சொரிமுத்து அதை எடுத்து உயரப் பிடித்து, கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஆசையில், "எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எம் மாப்பிள்ளை கை தொட்டது துலங்காதாம், கட்டத்துல இருக்கு. அதனால தாளை மட்டும் நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றான். கூட்டம் சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்ய. ஆனால் அதற்கடுத்து ஜாதகம் போட வந்த பெண், தாளை எடுத்துக் கொடுக்க அவர் கையை நீட்டியபோது, "இருக்கட்டும் அண்ணாச்சி" என்று முந்திக்கொண்டு தானே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் தானே எடுத்தார். அதுவே வழக்கமாகி, காரணம் மறந்துபோனவர்களும் காரணமே தெரியாத வெளியூர்க்காரர்களும்கூட, அவர் கையில் காசைக் கொடுப்பார்கள், அவர் கையிலிருந்து தாளை வாங்க மாட்டார்கள்.

ஆவுடையப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதே பஸ் ஸ்டாண்டில், அதே மாதிரி ஜனம் நிற்கும்போது, "நான் சொன்னது தப்பு" என்று சொரிமுத்து சொல்ல வேண்டும். "விளையாட்டுக்குச் சொன்னதுக்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கேப்பாங்களாவே" என்றான் சொரிமுத்து. அத்தோடு பேச்சு அறுந்தது. சொரிமுத்து கூட்டு வியாபாரத்தை விட்டு விலகி, மேலத்தெருவில் தனியாக ஜெராக்ஸ் கடை போட்டுக்கொண்டான். "அவன் வந்து சொல்லுத வரைக்கும் இந்த வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்காது" என்று ஆவுடையப்பன் வீட்டில் அறிவித்தார். உலகம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். அப்படியே வருஷங்கள் போய், அவருக்குத் தலை முழுக்க நரைத்தது, கம்ப்யூட்டருக்கும் வயதாகி முக்கவும் முனகவும் ஆரம்பித்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள், காலை வெயில் இன்னும் சாய்வாக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், முப்புடாதி என்ற பெண் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்கு ஜாதகம் எழுத வந்தாள். கம்ப்யூட்டர் அன்று வழக்கத்தைவிட மந்தமாக இருந்தது. செல்போன் கடைக்காரர் ஓசியில் போட்டுக் கொடுத்திருந்த வைரஸ் பிடிக்கிற புரோகிராம், யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து, திரையில் ஒரு சிவப்புக் கட்டத்தை விரித்து, இவையெல்லாம் சந்தேகத்துக்குரிய கோப்புகள் என்று வரிசையாகக் காட்டியது. ஆவுடையப்பன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் சொரிமுத்துவின் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று தெரியும், ஏனென்றால் பழைய கடைப் பலகையிலிருந்து அந்தப் பெயரை ஆணியால் சுரண்டி எடுத்தவரே அவர்தான். சிவப்புக் கட்டத்தில் இருந்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்தப் பெயர் இருந்தது. பென் டிரைவிலிருந்து இறக்கிய அன்றைக்குச் சொரிமுத்து தன் பெயரில் ஒரு அறை ஒதுக்கி அதற்குள்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தான். கம்ப்யூட்டருக்கு இருந்தது சந்தேகம். ஆவுடையப்பனுக்குச் சந்தேகமே இல்லை.

"இத்தனை வருஷம் உள்ளயேதான் இருந்திருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாக என்று அமுக்கினார். குப்பைத் தொட்டியில் கிடந்தாலும் கிடப்பது அவன்தானே என்று அதையும் காலி செய்தார். மனசு லேசாகி, பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டுத் தட்டினார். பன்னிரண்டு கட்டமும் வந்தன, கிரகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, சூரியன் தன் கட்டத்துக்குள் பாதி நுழைந்து பாதி வெளியே இருக்கும்போது அம்புக்குறி நின்றது. எலியை ஆட்டினார், அசையவில்லை. எல்லாப் பொத்தானையும் தட்டினார், அசையவில்லை.

"என்ன அண்ணாச்சி, மிஷின் நின்னுட்டோ?" என்றாள் முப்புடாதி.

"நிக்கல. யோசிக்குது."

பிள்ளை முகத்தில் வெயில் படுகிறதென்று அவள் இரண்டு எட்டு நகர்ந்தாள். நகர்ந்தவள் கீழே பார்த்தாள்.

"அண்ணாச்சி, எம் நிழலு வரமாட்டேங்குது."

"செத்த பொறும்மா, ஒண்ணொண்ணாத்தான் பாக்க முடியும்."

அவள் நிழல், தோளில் பிள்ளை நிழலோடு, அவள் முதலில் நின்ற இடத்திலேயே கிடந்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்க அப்படித்தான் இருந்தது. தென்காசி பஸ் கிளம்பிப் போனது, அதன் நிழல் போகவில்லை. டீக்கடைக்குப் போனவன் டீக்கடையில் நின்றான், அவன் நிழல் மூத்திரச் சந்து வாசலில் நின்றது. டீக்கடை சங்கரபாண்டி வந்து கடைக்குள் எட்டிப் பார்த்து, திரையைப் பார்த்து, வெளியே தரையைப் பார்த்து, "சூரியன் அங்க பாதியில மாட்டிக்கிட்டா நிழலு இங்க எப்படிவே நகரும்" என்றான். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. வானத்துச் சூரியன் தன் பாட்டுக்கு உச்சிக்கு ஏறி மேற்கே இறங்கியது, நிழல்கள் மட்டும் காலை வெயிலில் விழுந்தபடியே மேற்குப் பார்த்துக் கிடந்தன.

முதல் வாரம் ஜனங்கள் கொஞ்சம் தடுமாறினார்கள், பிறகு பழகிவிட்டது. அவரவர் நிழல் எங்கே கிடக்கிறது என்பது வீட்டு விலாசம்போல ஆகி, "கனரா பேங்க் படியில கிடக்காம்லா, அவன் தம்பி" என்று ஆளுக்கு அடையாளம் சொன்னார்கள். போய்விட்ட தென்காசி பஸ்ஸின் நிழல் குளிர்ச்சியாக நீளக் கிடந்ததால், பழவண்டிக்காரிகள் வண்டியை அதற்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பஸ் திரும்பி வந்தபோது டிரைவர் தன் நிழலில் தானே நிறுத்த இடமில்லாமல் ஆரன் அடித்துப் பார்த்து, பிறகு அவரும் இறங்கி வந்து அங்கேயே உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றார். சங்கரபாண்டியின் நிழல் அந்த நேரத்தில் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் விழுந்திருந்ததால் அது பஸ்ஸோடு தென்காசிக்குப் போய்த் திரும்பி வந்தது, டீ ஆற்றுகிற கை மேலும் கீழுமாக இருக்க. "தினமும் டிக்கெட் இல்லாமப் போய்ட்டு வாரீரே, உம்மைப் பரிசோதகர்ட்ட பிடிச்சுக் குடுத்திருவேன்" என்று கண்டக்டர் மிரட்டுவார். "குத்தாலத்துல சீசன் எப்படின்னு அதுகிட்டக் கேட்டுச் சொல்லும்" என்பான் அவன்.

ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் ஒருவர் மிஷின் நின்ற அன்று காலை வழக்கம்போல வேப்பமரத்துப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குப் போய், அன்று சாயங்காலமே இறந்துபோனார். அவருடைய நிழல் பேப்பர் படிப்பதை நிறுத்தவில்லை. அவர் மனைவி காரியமெல்லாம் முடிந்த பிறகு தினமும் வந்து அந்த நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போனாள். அவள் வரும்போது பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். துக்கம் கேட்கிற மாதிரி யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆள் இருக்கும்போது எப்படிக் கேட்பது.

சொரிமுத்துவின் நிழல் ஆவுடையப்பன் வீட்டுக் கதவில் நின்றது.

அவருடைய வீடு கிழக்குப் பார்த்த வீடு. அந்த நேரத்தில் யாரோ ஒருவன் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருக்கிறான், அவன் நிழல் எதிரே இருந்த ஒற்றைக் கதவில் ஆள் உயரத்துக்கு அப்படியே பதிந்துவிட்டது. சரிந்த இடது தோள், தூக்கிக் கட்டிய வேட்டி, தலையில் ஒருக்களித்து நிற்கிற முடி. மதியம் சாப்பிட வந்த ஆவுடையப்பன் தெருவில் வரும்போதே அடையாளம் கண்டுகொண்டார். வலது கை தூக்கியிருந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து தன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் வாசலுக்கு வந்து, கையைத் தூக்கி நின்றிருக்கிறான். எதற்கு வந்திருப்பான், அந்த வார்த்தையைச் சொல்லத்தானே வந்திருப்பான், வேறு எதற்கு வருவான்.

அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் அந்தக் கதவைப் பார்க்க வந்தார்கள். அது கதவைத் தட்டுகிற கை என்றார்கள் சிலர், கும்பிடுகிற கையில் ஒன்று மறைந்திருக்கிறது என்றார்கள் சிலர். சங்கரபாண்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கல்லெறியப் போறவன் கை மாதிரில்லா இருக்கு" என்றான்.

"உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றார் ஆவுடையப்பன்.

"அதில்ல வே, உம்மைப் பாக்க வாரவன் பஸ் ஸ்டாண்டுக்குல்லா வரணும். நீரு கடையில இருக்க நேரம்னு ஊருக்கே தெரியும். அந்த நேரம் பாத்து வீட்டுக்கு வந்திருக்கான்."

அந்தப் பேச்சை ஆவுடையப்பன் கேட்காததுபோல வைத்துக்கொண்டார்.

கதவில் ஒரு சிக்கல் இருந்தது. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. திறந்தால் கதவோடு சேர்ந்து சொரிமுத்துவும் வீட்டுக்குள் வந்துவிடுவான். மூடினால் வெளியே நிற்பான். ஆகவே ஆவுடையப்பன் அதை மூடி வைக்கச் சொன்னார், வீட்டுக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் கொல்லைப்புறமாக வர வேண்டும் என்று ஏற்பாடாகி, கொத்தமல்லி விற்கிறவள்முதல் கரண்டு ரீடிங் எடுக்கிறவர்வரை கிணற்றடியைச் சுற்றி வந்தார்கள். அவர் மட்டும் தினமும் காலையில் கடைக்குப் போகும்முன் தெருப்பக்கம் வந்து கதவுக்கு எதிரே நின்று, "என்ன மச்சான், கால் வலிக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். முதலில் குத்தலாகத்தான் கேட்டார். நாளாக ஆக அது வழக்கமான விசாரிப்புப்போல ஆகிவிட்டது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான காலம் அதற்குமுன் இருந்ததில்லை. கடனாளி வாசலில் நிற்கிறான், ஓடிவிட மாட்டான், உட்காரக்கூட மாட்டான்.

கம்ப்யூட்டர் சரி பண்ணுகிற ஜெசிந்தா தென்காசியிலிருந்து வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்து, பின்னால் இருந்த ஒயர்களைத் தொட்டுப் பார்த்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம் அண்ணாச்சி" என்று சுவிட்சில் கையை வைத்தாள். வாசலில் நின்ற கூட்டம் ஒரே குரலில் ஐயையோ என்றது.

"என்ன?" என்றாள் அவள் பயந்துபோய்.

"அணைச்சா இருக்க நிழலும் போயிருச்சின்னா?" என்றாள் ஒரு பழவண்டிக்காரி.

அதற்குள் அந்தக் கம்ப்யூட்டருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கரண்டு போனால் நிழல் போய்விடுமோ என்று கோயில் கமிட்டி ஜெனரேட்டரை இறக்கி வைத்திருந்தது. சுவிட்சைச் சுற்றி வேப்பிலை கட்டியிருந்தது. ஜெசிந்தா கையை எடுத்துக்கொண்டு, என்ன நடந்ததென்று நிதானமாகக் கேட்டாள். ஆவுடையப்பன் சொன்னார்.

"நீங்க அழிச்சது வைரஸே இல்ல அண்ணாச்சி. பழைய புரோகிராம்லா, புதுசா வந்தது அதைப் பாத்துச் சந்தேகப்பட்டிருக்கு. அந்தக் கோப்பெல்லாம் இருந்தாத்தான் இது ஓடும். அதைத் திருப்பிப் போடணும்."

"குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேனே."

"அதான் ஏன் பண்ணினீங்க? அதுல கிடந்தா இப்ப எடுத்திருக்கலாம். இந்த புரோகிராம் விக்கிற கம்பெனியே இப்ப இல்ல. இதை முதல்ல யாரு போட்டது? அவங்க கையில காப்பி இருக்கும்."

கூட்டம் ஆவுடையப்பனைப் பார்த்தது. ஆவுடையப்பன் தெருவைப் பார்த்தார்.

பென் டிரைவ் சொரிமுத்துவிடம் பத்திரமாக இருந்தது. கேட்டு வந்தால் கொடுக்கிறேன் என்று அவன் ஆள்விட்டுச் சொன்னான். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும் என்று இவர் ஆள்விட்டுச் சொன்னார். அன்றைக்கு எதற்காக அந்த வீட்டு வாசலுக்குப் போனாய் என்று போனவர்கள் கேட்டதற்கு, "நிழலு போன இடத்துக்கெல்லாம் நான் கணக்குச் சொல்லணுமா" என்று சொரிமுத்து ஜெராக்ஸ் மிஷினின் மூடியைச் சாத்தினானாம். இப்படியே மாசியும் பங்குனியும் போயின. யாரும் பெரிதாக அவசரப்படவில்லை.

சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். தென்னங்கீற்று நெருக்கமாக வேய்ந்த பெரிய பந்தல். போட்டு முடித்துக் கீழே வந்து பார்த்தால், பந்தலுக்குள் வெயில் அடித்தது. புதிதாக எதற்கும் நிழல் விழாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. குடை பிடித்தாலும் வெயில், முக்காடு போட்டாலும் வெயில். சீவலாங்குளத்தில் மாசி மாதத்து நிழல்கள் மட்டும்தான் இருந்தன, அவற்றுக்காக இப்போது சண்டை வர ஆரம்பித்தது. பழவண்டிக்காரிகள் பஸ் நிழலுக்குக் கோடு கிழித்துப் பங்கு பிரித்தார்கள். பேங்க் படியில் கிடந்த தன் நிழலில் இன்னொருவன் படுத்துத் தூங்குகிறான் என்று ஒருவன் அடிக்கப் போனான். தொட்டிலில் போட்ட பிள்ளைகள் சிவந்து போய் அழுதன. முப்புடாதி, தன் பிள்ளையை ஜாதகக் கடை வாசலுக்குத் தூக்கி வந்து, தானும் அதுவுமாகக் கிடந்த அந்த ஒரு துண்டு நிழலில் அதைக் கிடத்திவிட்டு, தான் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்துகொண்டு ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை தாங்காமலோ, வெயில் தாங்காமலோ, அன்றைக்கு அவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். தெருவில் வரும்போது தன் வீட்டு வாசலைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது.

சத்தம் காட்டாமல் படியேறினார். உள்ளே, சுவரோடு ஒட்டித் திறந்திருந்த கதவில் சொரிமுத்து நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் முறத்தை வைத்துக்கொண்டு உலகம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எம் சின்ன மகளுக்குப் போன வாரம் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். "இப்ப தேவலை. நீ உடம்பைப் பாத்துக்கோ. உனக்குத்தான் வெயிலு ஒத்துக்கிடாதே."

ஆவுடையப்பன் நின்றார். அவளும் பார்த்துவிட்டாள். எழுந்திருக்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. ஒரு மொச்சையை உரித்து முறத்தில் போட்டாள்.

"யாரைக் கேட்டுத் திறந்த?"

"யாரைக் கேக்கணும்? நீங்க திறக்கக் கூடாதுன்னது அவனுக்கு. இது அவன் நிழலு."

"என்ட்ட அந்த வார்த்தையைச் சொல்ல வந்து நிக்கவனை, நீ உள்ள விட்டு நலம் விசாரிக்கியோ?"

உலகம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம் பார்க்கிற மாதிரி இருந்தது, அதுதான் அவருக்கு என்னவோ செய்தது.

"உங்ககிட்டச் சொல்ல வந்தான்னு யாரு சொன்னா? நீங்க கடைக்குப் போன பொறவு அவன் எப்பவாவது வருவான். வந்து வாசல்ல நிப்பான். தட்டக் கையத் தூக்குவான், தட்டமாட்டான். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவான். செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"நீ திறக்கலையா?"

"நீங்கதான் திறக்கக் கூடாதுன்னீங்களே. அவன் அந்தப் பக்கம் நிப்பான், நான் இந்தப் பக்கம் நிப்பேன். போன பொறவு உலை வைக்கப் போயிருவேன்."

ஆவுடையப்பன் கதவைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே இருந்தது. இத்தனை நாள் அது தனக்காகத் தூக்கிய கை என்று நினைத்து, தினமும் கால் வலிக்கிறதா என்று கேட்டு, எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து ரசித்திருக்கிறார். அவருக்கு அதில் ஒரு விரல்கூடப் பங்கில்லை. சங்கரபாண்டி அன்றைக்கே சொன்னான், இவர்தான் கேட்கவில்லை.

"தண்ணி தரவா?" என்றாள் உலகம்மாள்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக் கடைக்கே நடந்தார். போகிற வழியில் கோயில் கமிட்டித் தலைவரைப் பார்த்து, "அவனை வரச் சொல்லுங்க. பென் டிரைவோட வரட்டும். நான் எதுவும் கேக்கல" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "கேக்கலைன்னா, வேண்டாம்னு அர்த்தம் இல்ல. அதையும் சொல்லிருங்க" என்றார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கடை திறந்த அன்றைவிடப் பெரிய கூட்டம். ஜெசிந்தா வந்திருந்தாள். போஸ்ட்மேன் மனைவி பெஞ்சில் நிழலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், யார் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. உலகம்மாளும் வந்து, கூட்டத்தின் ஓரமாக நின்றாள். சொரிமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அவனும் கிழவனாகிவிட்டான் என்பதை ஆவுடையப்பன் அப்போதுதான் பார்த்தார், கதவில் நின்ற நிழலில் நரை தெரிந்திருக்கவில்லை. சொரிமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தான். ஆவுடையப்பன் அதை எடுத்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார்.

"அணைக்கப் போறேன். யாரும் கத்தாதீங்க" என்றாள் ஜெசிந்தா.

அணைத்தாள். ஊரில் இருந்த நிழலெல்லாம் போயின. பஸ் நிழல் போனது, பேங்க் படியில் கிடந்தவன் போனான், தரையெல்லாம் கழுவிவிட்டதுபோல வெள்ளையாக வெயில் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆச்சி பக்கத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை. ஜெசிந்தா மறுபடி முடுக்கினாள். தேவையில்லாதது எதுவும் கூட எழும்பாதபடி பார்த்து உள்ளே போய், அழித்த கோப்புகளைப் பென் டிரைவிலிருந்து அதே இடத்தில், சொரிமுத்து பெயர் போட்ட அதே அறையில் திருப்பி வைத்தாள். வைரஸ் பிடிக்கிற புரோகிராம் எழுந்து மறுபடியும் சந்தேகம் என்றது. "இதை நம்பலாம்னு நீங்க சொல்லணும் அண்ணாச்சி. இனிமே கேக்காது" என்றாள்.

"நானா?"

"உங்க கம்ப்யூட்டர்தானே."

ஆவுடையப்பன் சொரிமுத்துவைப் பார்த்தார். சொரிமுத்து வேப்பமரத்தைப் பார்த்தான். அவர் ஒரு விரலை நீட்டி, அழுத்தமாக இல்லாமல், அமுக்கினார்.

ஜாதகப் புரோகிராம் திறந்தது. முப்புடாதி பிள்ளை பிறந்த நேரத்தைத் தட்டினார். கிரகங்கள் வந்தன. சூரியன் கட்டத்துக்குள் முழுதாகப் போய் உட்கார்ந்தது. அந்த நொடியில் எல்லோர் காலடியிலும் நிழல் வந்து ஒட்டிக்கொண்டது, தொழுவத்துக்கு ஆடுகள் திரும்புகிற மாதிரி, முட்டி மோதாமல் அதது அதனிடம். பந்தல் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் கேட்டது, அங்கே நிழல் விழுந்துவிட்டது. பெஞ்சில் போஸ்ட்மேன் மட்டும் ஆள் இல்லாமல் திரும்பி வந்து, வெயிலோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தார். அன்று பொழுது சாய்கிறவரை அவர் இருந்தார், ஆச்சியும் இருந்தாள்.

பிரிண்டர் கறகறவென்று தாளைத் தள்ளியது. முப்புடாதி பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"இரு தாயி" என்றான் சொரிமுத்து. அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "அவரு எடுத்துத் தருவாரு."

ஆவுடையப்பன் தாளை எடுத்தார். அவள் பக்கம் நீட்டினார். முப்புடாதி பிள்ளையை இடது தோளுக்கு மாற்றி, வலது கையால் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது சொல்வான் என்று எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அதே பஸ் ஸ்டாண்டு, அதே கூட்டம். சொரிமுத்துவின் வாய் திறந்தது.

"ஏ சங்கரபாண்டி" என்றான் சொரிமுத்து. "எல்லாருக்கும் டீ போடுப்பா."

கூட்டம் சிரித்தது. இந்த முறை ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சொரிமுத்து துண்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தங்கச்சி நின்ற இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, டீ குடிக்காமலே போனான். அவன் நிழல் அவன் பின்னாலேயே போனது. பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போனபோது கதவு வெறும் கதவாக இருந்தது. உலகம்மாள் அதை அகலத் திறந்து வைத்து, இனிமேல் காற்று வரட்டும் என்றாள். ஆவுடையப்பன் போய் அதைச் சாத்தினார்.

"இன்னும் என்னங்க?" என்றாள் அவள். "அவன் நிழலுதான் போயிருச்சே."

"அதான் சாத்துதேன். திறந்து கிடந்தா வாரவன் எதைத் தட்டுவான்?"

அன்றிலிருந்து அவர் காலையில் கடை திறப்பதில்லை. ஜாதகம் வேண்டுமென்றால் மதியத்துக்குமேல் வாருங்கள் என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். வருகிறவர்கள் இப்போது தாளை அவர் கையிலிருந்துதான் வாங்குகிறார்கள், அதை அவர் சொரிமுத்துவின் கடனில் கழித்துக்கொள்ளவில்லை, அது முப்புடாதி கொடுத்தது. காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்துக்கு, சட்டை போட்டுக்கொண்டு, கதவுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உலகம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். சில நாள் தெருவில் ஒரு செருப்புச் சத்தம் வந்து வாசலில் நிற்கும். கதவுக்குக் கீழே உள்ள இடுக்கில் வெளிச்சம் மறையும். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

தட்டட்டும். தட்டினால் அவர்தான் எழுந்து போவார். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, திறப்பதற்கு முன்னால், முதலில் அந்த வார்த்தையைக் கேட்பார்.